அன்ரனை வெந்நீருக்குக் கூட்டிப்போனது

1987 ஆகஸ்ட் 1, சனி

காலையிலிருந்து மழை. மனுரேவாவிலிருந்து லின்ஃபீல்டுக்கு இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணித்தியாலம். காலுறை வரை ஈரம். டொக்டர் ஐலீன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வைத்து, ஹீற்றருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

வயது எழுபத்தொன்று. மூட்டு வருத்தங்களுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய விரல்களே மடங்குவதில்லை. அவருக்கு வேண்டியது: இத்தாலிக் கடலோரத்து வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிய ஒரு லத்தீன் பாட்டு, ஏறக்குறைய எண்ணூறு வருடம் பழையது, வரிக்கு வரி ஆங்கிலத்தில். போட்டோ கொப்பி எடுப்பித்து வைத்திருக்கிறார். கோயிலில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மன்னார்க்காரன், செமினரியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் குருவாகாமல் வெளியே வந்தவன், லத்தீன் படிப்பித்தவன், இப்போது இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறான். எல்லாம் சரிதான்.

ஒரு ஊற்றுக்குப் பன்னிரண்டு வரி. பெயர், இடம், எந்த நோய்க்கு நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். நிர்வாணமாக ஆண்கள், கழுத்து வரை தண்ணீர், எல்லாருக்கும் ஒரே முகம்.

இன்று மூன்று முடிந்தது. ஒன்று வயிற்றுக்கு. ஒன்று கண்ணுக்கு. மூன்றாவது கைகால் விறைத்தவர்களுக்கு. ஒரு வினைச்சொல்லில் அரை மணி நேரம் போனது. தண்ணீர் உறுப்புகளைத் தளர்த்துகிறதா, கரைக்கிறதா? லத்தீனில் இரண்டுக்கும் ஒரே சொல்.

"கரைக்கிறது என்றால் நான் இறங்கமாட்டேன்" என்றார் டொக்டர். சிரித்தோம். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள்.

வீடு வர ஐந்து மணி. தங்கச்சி றெஜினாவின் இடது மணிக்கட்டில் துணிக்கட்டு.

"என்ன அது?"

"கார்க் கதவு அடிச்சது."

கார் காலையிலிருந்து அவள் புருசன் அன்ரனிடம். மேலே கேட்கவில்லை.

டிலானி (6) பள்ளிக்கூடத்தில் கீறிய படத்தைக் காட்டினாள். வீடு, மரம், அம்மா, மாமா, தான், அப்பா. அப்பாவுக்குக் கை இல்லை.

"அப்பான்ரை கை எங்கை?"

"இன் ஹிஸ் பொக்கெற்ஸ்" என்றாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

தொழிற்சாலையில் கா. 6 மணி ஷிப்ட். கன்றுக்குட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. பால் பண்ணைகளுக்கு வேண்டாத ஆண் கன்றுகள், பிறந்து நாலைந்து நாள். லொறியிலிருந்து இறங்கும்போதே சில தொழிலாளியின் விரலைச் சூப்பப் பார்க்கும். அதே விரலால் அதை உள்ளே தள்ளுவார்கள். பி.ப. 2 மணிக்குள் அறுநூறுக்கு மேல். என் பக்கம் பெட்டியாகத்தான் வரும். ஆனாலும் சத்தம் வரும்.

அன்ரன் கத்திப் பிரிவு. ஊரில் ஆமி முகாமிலிருந்து வந்த நாள் முதல் வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை. அதை மறைத்துத்தான் இந்த வேலை. இன்று கத்தி நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்து மேசைக்காரன் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறான். அன்ரன் அவனுடைய தலைமயிரைப் பிடித்து முகத்தை இரும்பு மேசையில் அடித்தான். இரண்டு தரம். பல் ஒன்று போனது. நான் ஓடிப்போனபோது நாலுபேர் அன்ரன்மேல் ஏறி இருந்தார்கள். மேற்பார்வையாளர் கீழே கிடந்த கத்தியைக் காலால் எட்டத் தள்ளிவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினார்.

எழுத்தில் எச்சரிக்கை. இனி கத்தி இல்லை, தோல் அள்ளும் வேலை. இன்னொரு தரம் என்றால் வீட்டுக்கு.

காரில் பாதி வழி வந்தோம். பிறகு, "கை சொல்லுக் கேக்குதில்லை, மச்சான்" என்றான்.

கத்தி நழுவியதைச் சொன்னானா, மற்றதைச் சொன்னானா, தெரியவில்லை.

பால், பாண், டிலானிக்குப் பென்சில் - மூலைக்கடை.

ஆகஸ்ட் 5, புதன்

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

பி.ப. 3 மணி. வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தோம். றெஜினா உடுப்புத் தோய்க்கும் அறையில் தொட்டிக்குத் தண்ணீர் திறந்து விட்டிருந்தாள், படுக்கை விரிப்பு ஊறப்போட. அன்ரன் "தண்ணியை நிப்பாட்டு" என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லவில்லை. உள்ளே போனான்.

அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு வயிற்றில் முழங்காலால். அவள் கத்தவில்லை. "பிள்ளை வாற நேரம், பிள்ளை வாற நேரம்" என்று மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டி நிரம்பி வழிந்தது.

நான் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனேன். மழை. கொடியில் ஒன்றும் இல்லை. கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று நனைந்தேன்.

திரும்பி வந்தபோது அன்ரன் நிலத்தில் இருந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தடவிவிட்டாள். தடவின கையில் இரத்தம். டிலானி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். ரீவி போட்டுவிட்டேன்.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து இருபது மாதம். இது எத்தனையாவது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் துணி எடுக்கவோ, கடைக்குப் போகவோ எனக்கு ஏதாவது இருக்கும்.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். 1985இல் பங்குத்தந்தைக்காகக் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலை ரைப் அடித்துக் கொடுத்தது நான். ரைப்ரைட்டர் என் அறையில், கட்டிலுக்குக் கீழே. ஆமி வந்த காலை நான் கோயிலில். வீட்டில் அன்ரன். ஆருடையது என்று கேட்டிருக்கிறார்கள். என்னுடையது என்றான். பதினொரு கிழமை முகாமில் வைத்திருந்தார்கள். அன்ரன் மீன் வலைக்குச் சொந்தக்காரன். ரைப்ரைட்டரில் தன் பெயரைக்கூட அடிக்கத் தெரியாது.

எனக்கு விழவேண்டியது அவனுக்கு விழுந்தது. அவனிடமிருந்து அது றெஜினாவுக்கு விழுகிறது. நடுவில் நான் நிற்கவேண்டும். நிற்கவில்லை. அவனைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்துக்கொண்டே இருபது மாதம்.

ஆகஸ்ட் 8, சனி

லின்ஃபீல்ட். வெயில், குளிர்க்காற்று. டொக்டர் எலுமிச்சங்காய் ஒரு பை தந்தார், தோட்டத்தில் காய்த்தது.

பாட்டில் இன்று ஒரு கொடூரமான இடம். ஊற்றுக்கூடத்துச் சுவர்களில் எந்தத் தண்ணீர் எந்த நோய்க்கு என்று எழுத்தும் உருவமும் வைத்திருந்தார்களாம். கண் நோய்க்குக் கண்ணைத் தொடும் உருவம், வயிற்றுக்கு வயிற்றைத் தொடும் உருவம். வாசிக்கத் தெரியாத ஏழையும் பார்த்து இறங்கலாம். இதனால் பக்கத்து நகரத்து வைத்தியர்களுக்கு ஆட்கள் வருவது நின்றுபோனது. அவர்கள் படகில் இரும்புகளோடு வந்து இறங்கி, உருவங்களின் கைகளை உடைத்து, முகங்களைச் சிதைத்து, எழுத்துகளைக் கொத்தி எடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பும் வழியில் புயல். ஒருவனும் தப்பவில்லை.

டொக்டருக்கு நல்ல சந்தோசம். "என் சக வைத்தியர்களை எனக்குத் தெரியும். அப்படியே செய்வார்கள்."

அந்தச் சந்தோசத்தில் துணிவு வந்து கேட்டேன்: கைவிரல் விறைத்த ஒருவருக்கு இங்கே உள்ள வெந்நீர்க் குளம் உதவுமா?

"எதனால் விறைத்தது?"

"கையைப் பின்னால் கட்டித் தூக்கியதால்."

பேனையை வைத்தார். "இதைத் தவிர வேறு என்ன செய்தார்கள்?"

"தெரியாது. கேட்டதில்லை."

"எவ்வளவு காலம் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள்?"

சொன்னேன்.

"முதலில் கேளுங்கள், மிஸ்டர் சேவியர். கைக்கு வெந்நீர் கெடுதல் செய்யாது. ஆனால் ஆளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் ஒரு கரண்டி மருந்துகூட நான் கொடுத்ததில்லை."

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எப்படிக் கேட்பது? கேட்டால் ரைப்ரைட்டர் வரும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசை. அன்ரன் வந்தான், கடைசி வாங்கில் இருந்தான். மத்தியானம் அவனே மீன் வெட்டிக் குழம்பு வைத்தான். எங்கள் ஊர்ப் பதம், புளி தூக்கலாக. டிலானிக்கு முள் எடுத்துக் கொடுத்தான். விறைத்த விரலால் முள் தட்டுப்படாது என்பதால் நாக்கில் வைத்துப் பார்த்துக் கொடுத்தான். இந்த மனுசன்தான் புதன்கிழமை அப்படிச் செய்தவன் என்று வெளியில் யாரும் நம்பமாட்டார்கள்.

வெந்நீர்க் குளக் கதையை எடுத்தேன். வடக்கே, பாலம் தாண்டி, ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. லத்தீன் பாட்டில் இப்படி இருக்கிறது, டொக்டரும் கெடுதல் இல்லை என்கிறார்.

"பாட்டைக் கேட்டு வைத்தியமோ" என்று சிரித்தான்.

டிலானி துள்ளத் தொடங்கிவிட்டாள். "கென் வி கோ, அப்பா? ப்ளீஸ், ப்ளீஸ்!"

"சரி. சனிக்கிழமை."

டொக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்கவில்லை. நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று விட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

கொண்டுபோக: துவாய் 4, டிலானிக்கு மாற்றுடுப்பு, சான்ட்விச், போத்தலில் தேத்தண்ணி, எலுமிச்சங்காய்ச் சாறு.

அன்ரன் டிலானிக்குச் சிவப்பு நீச்சலுடை வாங்கி வந்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

றெஜினா குசினியில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி: "அண்ணா, வேண்டாம். கடற்கரைக்குப் போவம். அவர் தண்ணியெண்டால்..." அன்ரன் உள்ளே வந்தான். அவள் திரும்பி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். பிறகு தனியாகக் கதைக்க வாய்க்கவில்லை. வாய்க்கப் பண்ணியிருக்கலாம்.

வேலையிடத்தில் அன்ரனை ஒருவரும் கிட்ட எடுப்பதில்லை. தோல் அள்ளுகிறான், தனியாகச் சாப்பிடுகிறான்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நேற்று நடந்தது. ஒழுங்காக எழுதவேண்டும். விரல் முட்டிகள் வீங்கியிருக்கின்றன.

கா. 9 புறப்பட்டது. வானம் வெளித்திருந்தது. பாலத்தில் டிலானி ஆங்கிலப் பாட்டுப் பாட, அன்ரன் ஸ்ரியறிங்கில் தாளம் தட்டினான். றெஜினா பின்னால், யன்னலைப் பார்த்தபடி.

குளம் தகரக் கூரைக்குக் கீழே. நீராவி. அழுகின முட்டை மணமும் குளோறின் மணமும். சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் வரவில்லை. ஏழெட்டு வயதானவர்கள் கழுத்து வரை தண்ணீரில் இருந்தார்கள். சுவரில் ஒரு அறிவித்தல்: தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டாம், மூளைக் காய்ச்சல் வரும். டிலானிக்கு வாசித்துக் காட்டினேன். "ஓகே, மாமா" என்றாள்.

றெஜினா இறங்கவில்லை. சேலையோடு வாங்கில் இருந்தாள். அன்ரன் முதல் படியில் பத்து நிமிடம் நின்றான். இரண்டாவது படி. பிறகு இடுப்பு வரை. கைகளைத் தண்ணீருக்குள் வைத்தபடி கண்ணை மூடியிருந்தான். கால் மணித்தியாலம் இருக்கும்.

"மச்சான், பாருங்கோ."

வலது கையை வெளியே எடுத்துப் பொத்தி விரித்தான். மோதிர விரல் அசைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது. அவன் சிரித்தான். றெஜினாவைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவளும் எழும்பி நின்றாள். பாட்டில் சொன்னது சரி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

டிலானி பின்னாலிருந்து அவன் முதுகில் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு விளையாட்டுக்கு, இரண்டு கையாலும் அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். சிரித்துக்கொண்டு. இரண்டு விநாடி.

அவன் மேலே வந்தபோது வந்த சத்தம் மனிதச் சத்தம் இல்லை. நான் தொழிற்சாலையில் கேட்டிருக்கிறேன். அவளைத் தோளிலிருந்து இழுத்து, கழுத்தில் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். இரண்டு கையாலும். கால்கள் மட்டும் மேலே அடித்தன, சிவப்பு நீச்சலுடை தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமாக, ஒழுங்காக, சிங்களத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். எக்கய். தெக்கய். துனய். ஹதரய்.

நான் இரண்டு எட்டுத் தூரத்தில். கையை இழுத்துப் பார்த்தேன். இரும்பு. "அன்ரன், பிள்ளை, பிள்ளை" என்று கத்தினேன். அவன் ஒன்பது, பத்து. முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. பிடி விடவில்லை. பதினைந்து, பதினாறு. றெஜினா சேலையோடு குதித்து அவன் கையைக் கடித்தாள், சதை வரும்வரை கடித்தாள். நான் காதோடு சேர்த்து அடித்தேன். விட்டான்.

விட்டபிறகு நான் நிற்பாட்டவில்லை.

இதைத்தான் எழுதவேண்டும். பிள்ளையை றெஜினா தூக்கிக்கொண்டு படிக்குப் போய்விட்டாள். அன்ரன் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. நான் அவன் தலைமயிரைப் பிடித்து, ஓடு பதித்த விளிம்பில் மோதினேன். திரும்ப மோதினேன். கன்ன எலும்பு உடைந்தது என் கைக்குத் தெரிந்தது. எனக்குள் பயம் இல்லை, துக்கம் இல்லை. ஒரு இனிப்பு. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பின்னாலிருந்து என் கழுத்தை முழங்கையால் மடக்கி இழுத்தார். "இனாஃப், மேற், இனாஃப்." வெள்ளை ஓடுகளில் இரத்தம் கோடு கோடாக இறங்கியது.

டிலானியின் உதடு நீலம். அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை அவள் வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதினாள், ஊதினாள். தண்ணீர் வந்தது. காலைச் சாப்பாடு வந்தது. பிறகு அழுகை. முதல் வந்த சொல்: "ஸொரி, அப்பா." திரும்பத் திரும்ப அதே. "ஸொரி, அப்பா. ஸொரி, அப்பா."

அம்புலன்ஸ் இரண்டு. பொலிஸ். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

துவாய்களும் மிதவைகளும் அடுக்கிய சின்ன அறை. ஒரு இளம் கான்ஸ்டபிள், கொப்பியோடு. டிலானியை அம்புலன்சில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள், அது முடியும்வரை றெஜினாவிடம் கேட்க வேண்டுமாம். அவளுக்கு ஆங்கிலம் விளங்கும், கதைக்க வராது. என்னைப் பார்த்து, "நீங்கள் மொழிபெயர்ப்பீர்களா?"

றெஜினா ஈரச் சேலைக்கு மேலே துவாயைப் போர்த்தி, நேரே இருந்தாள். வாயில் அவன் இரத்தம் இன்னும் துடைக்கவில்லை. "எழுதச் சொல்லுங்கோ, அண்ணா. எல்லாம் சொல்லப்போறன்."

சொன்னாள். மணிக்கட்டு. சுவர். போன வருசம் ஒரு பிள்ளை மூன்று மாதத்தில் கரைந்தது, அது எதனால் என்று. அது எனக்குத் தெரியாது. கொதித்த தண்ணீர்க் கேத்தில். பெல்ட். நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். இறந்தகாலம், படர்க்கை, ஒருமை. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பார்த்துக்கொண்டால் குரல் உடையாது.

கான்ஸ்டபிள் கேட்டார்: "இதையெல்லாம் வேறு யாராவது கண்டார்களா?"

றெஜினா என்னைப் பார்க்கவில்லை. "அண்ணா கண்டவர். ஒவ்வொரு முறையும் வீட்டில நிண்டவர். வெளியில போயிடுவார்."

நான் சொன்னேன்: "ஒரே வீட்டில் ஒரு உறவினர் இருக்கிறார்."

அவள் திரும்பினாள். "அப்பிடி நான் சொல்லயில்லை. நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

கான்ஸ்டபிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னேன்: "என் சகோதரன் கண்டான். ஒவ்வொரு முறையும் அவன் வீட்டில் இருந்தான். ஒவ்வொரு முறையும் வெளியே போய்விடுவான்."

"அந்தச் சகோதரன்?"

"நான்தான்."

எழுதிக்கொண்டார்.

நான் அடித்ததைப் பற்றிக் கேட்டபோது, "பிள்ளையைக் காப்பாற்ற" என்று அவரே எழுதிவிட்டார். முதல் இரண்டு அடி அப்படி. மிச்சம் அப்படியல்ல. சொன்னேன். "அதை இப்போது விடுங்கள்" என்றார்.

டிலானியை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் சளி, கழுத்தில் விரல் அடையாளம். வேறு கெடுதல் இல்லை என்கிறார்கள். இன்று காலை றெஜினாவையும் பிள்ளையையும் பெண்கள் தங்குமிடம் ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இடம் எனக்குச் சொல்லமாட்டார்கள்.

வீட்டில் நான் மட்டும். ஈரத் துவாய்கள் காரிலேயே கிடக்கின்றன.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. அன்ரனின் அறை வாசலில் பொலிஸ்காரர் ஒருவர் கதிரை போட்டுக் குறுக்கெழுத்து செய்துகொண்டிருந்தார். பத்து நிமிடம் என்றார்.

முகம் ஒரு பக்கம் கறுத்துப் பூசணிக்காய் அளவு. கன்ன எலும்புக்கு ஒப்பரேசன் நாளை. முன்கையில் றெஜினாவின் பல் அடையாளத்துக்குத் தையல் ஏழு.

"பிள்ளை?"

"சுகம். மூச்சு நல்லாயிருக்கு."

கண்ணை மூடினான். மூடியபடியே, "நான் எண்ணினனானோ?"

"ஓம்."

"எத்தினை வரைக்கும்?"

"பதினாறு. பதினேழு."

"அவங்கள் நாப்பது வரைக்கும் எண்ணுவாங்கள்."

அப்போதுதான் கேட்டேன். டொக்டர் கேட்கச் சொன்னதை, இருபது மாதமாக நான் கேட்காததை. அவன் சொன்னான். எண்ணெய்ப் பீப்பாய். தண்ணீர் முழுக்க. தலைகீழாக. சிலநேரம் தண்ணீர், சிலநேரம் வேறு. எண்ணுவது ஒருவன், பிடிப்பது இரண்டுபேர். எண்ணுபவன் நல்ல குரல்காரன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. குழாய்த் தண்ணீர் பீப்பாயில் விழும் சத்தம் கேட்டால் அடுத்தது தான் என்று தெரியுமாம்.

அந்தப் புதன்கிழமை, தோய்க்கிற தொட்டி. றெஜினாவுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல வந்தாள்.

நான் ரைப்ரைட்டரைச் சொன்னேன். "எனக்காக எல்லாம் பட்டாய். அதாலைதான் நான் வாய் திறக்கயில்லை."

ஒற்றைக் கண்ணால் பார்த்தான். மற்றது திறக்காது.

"என்ன கதைக்கிறியள்? வீடு ஆற்ரை எண்டு கேட்டாங்கள். என்ரை எண்டன். சாமான் ஆற்ரை எண்டு கேட்டாங்கள். என்ரை எண்டன். பயத்தில கேட்டதுக்கெல்லாம் என்ரை எண்டன். அது உங்கடை மிசின் எண்டு முகாமுக்குப் போனபிறகுதான் விளங்கினது. பிறகு உங்கடை பேரைச் சொன்னனான், மச்சான். ரெண்டாம் நாளே சொல்லிப்போட்டன். அவங்கள் நம்பயில்லை."

அவன் போர்வை நழுவியிருந்தது, எடுத்துச் சரிசெய்தேன்.

"எனக்காக எண்டு சொல்லி நீங்கள் அவளை அடிவாங்க விட்டனீங்களோ?" என்றான். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

பொலிஸ்காரர் கதவைத் தட்டினார்.

எழும்பும்போது அன்ரன்: "அவளிட்டைச் சொல்லுங்கோ. வீட்டை வரமாட்டன். அவள் கூப்பிட்டாலும் வரமாட்டன். பிள்ளையைத் தொட எனக்கு ஏலாது இனி."



ஆகஸ்ட் 22, சனி

லின்ஃபீல்ட். காரில் போனேன். டொக்டரிடம் எல்லாம் சொன்னேன், நான் அடித்தது உட்பட. அவர் தேத்தண்ணி ஊற்றவில்லை. வளைந்த விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கேட்கச் சொன்னேன்" என்றார் கடைசியில். "கேட்டுவிட்டீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நானும் திரும்பக் கேட்கவில்லை."

அன்ரனுக்கு வேண்டிய வகை வைத்தியர் ஒருவரைத் தெரியும், வழக்கு எப்படிப் போனாலும் எழுதிப் போடுகிறேன் என்றார். என் முன்னாலேயே எழுதினார். ஒரு பக்கம் எழுத முக்கால் மணித்தியாலம். நான் எழுதித் தரவா என்றதற்கு, வேண்டாம்.

பாட்டில் இன்னும் ஆறு ஊற்று. செய்யமாட்டேன் என்றேன். "செய்யவேண்டாம். எனக்கும் இப்போது அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை" என்று தாள்களை அடுக்கிக் கடித உறையில் போட்டார்.

வேலையிடம்: அன்ரனின் அலுமாரியை வெறுமையாக்கச் சொன்னார்கள். ரப்பர் பூட்ஸ், ஒரு சட்டை, டிலானியின் படம். இனி ஒரு நாளைக்கு நாலு கன்று லொறி கூட வருமாம்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

காற்று. வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பி.ப. 4.20, போன். றெஜினா. பின்னால் பிள்ளைகள் சத்தம், ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

"டிலானி எப்பிடி?"

"சாப்பிடுறாள். குளிக்கமாட்டன் எண்டுறாள். துணி நனைச்சுத் துடைச்சுவிடுறன்."

அன்ரன் சொன்னதைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவரை நல்ல டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுங்கோ" என்றாள்.

"கடிதம் எழுதியாச்சு."

"வியாழக்கிழமை கோட்டில வழக்கு. பத்து மணிக்கு."

"வாறன். மொழிபெயர்க்க வேணுமெண்டால்..."

"அதுக்கு வேற ஆள் போட்டிருக்கினம். ஒரு பொம்பிளை, பாபகூராவில இருக்கிறாவாம்." பிறகு, "நீங்கள் சாட்சியா வாங்கோ. கண்டதைச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன்.

"வெளியில நிண்டதையும்."

"ஓம்."

வைத்துவிட்டாள்.